பழைய பெட்டியும் அம்மாவின் செவியும்

2025ஆம் ஆண்டு ரமலான் பிறக்க மூன்று வாரங்கள் இருந்தபோது எங்கள் இல்லத்து ஹோம் தியேட்டர் ரிசீவர் பேச்சை நிறுத்திக்கொண்டது. பொத்தானை அழுத்தினால் முகப்பில் எழுத்துகள் ஒளிரும், ஐந்தாறு நொடிகளில் உள்ளே ‘டக்’கென்று ஓர் ஓசை, பின்னர் இருள். இரண்டு நாட்கள் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் வெள்ளைத் துணியொன்றை அதன்மேல் போர்த்தினேன். “மய்யித்தை மூடுவதுபோல் மூடுகிறீர்களே!” என்று மனைவி கடிந்துகொண்டாள். அவள் கடிந்ததில் பொருள் இருந்தது.

2008இல் துபாயிலிருந்து அதை அனுப்பியவன் என் தம்பி. அங்கும் இங்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒன்றே ஆகையால், அமெரிக்கப் பெட்டிகளுக்கு வேண்டியிருக்கும் மின்மாற்றி இதற்கு வேண்டியிருக்கவில்லை. விடுமுறையில் ஓசூருக்கு வந்தவன், ஐந்து ஒலிபெருக்கிகளையும் கூடத்தில் தன் கையாலேயே அமைத்துக் கொடுத்தான். 2019இல் அவன் வபாத்தானான். அவன் கைபட்ட பொருளென்று எங்கள் கூடத்தில் எஞ்சியிருந்தது அந்தக் கரிய பெட்டிதான். ஆகவே, பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்ளவும் அஞ்சினேன்.

கேட்க வைத்தவர் அம்மா. அவருக்கு எண்பத்தொரு வயது. முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வுள்ள ஒலிகளை. சகரமும் தகரமும் ககரமும் மங்கிப்போக, உயிரொலிகளின் முழக்கம் மட்டும் எஞ்சுகிறது. ஓசை கேட்கும், சொல் விளங்காது. செவிக்கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறோம்; அது பெரும்பாலும் மேசை இழுப்பறையில் உறங்குகிறது. இக்காலத் தொலைக்காட்சிகளோ, தட்டையாக இருக்கவேண்டும் என்பதற்காகத் தம் சிறிய ஒலிபெருக்கிகளைப் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ வைத்துக்கொண்டிருப்பவை. எங்கள் ரிசீவர் இடம், வலம் ஆகிய இரு தடங்களுக்கும் பொதுவான ஒலியை, அதாவது பெரும்பாலும் பேச்சை, பிரித்தெடுத்து நடுவிலுள்ள ஒலிபெருக்கிக்கு அனுப்பும். அந்த நடு ஒலியை மட்டும் தனியே உயர்த்தவும் இயலும். தம்பி அம்மாவுக்காக அதைத்தான் செய்து வைத்திருந்தான்.

பெட்டி மௌனமான பின் அம்மா தொலைக்காட்சிக்கு மூன்றடி தூரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாகூர் ஹனீபாவின் பாடல்கள் மட்டும் எந்தப் பெட்டியில் ஒலித்தாலும் அவருக்குக் கேட்டுவிடும். அது பெட்டியின் சிறப்பன்று. சஹர் நேரத்துச் சொற்பொழிவுகள் அப்படியல்லவே!

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், அன்றாடம் அத்திப்பள்ளியைக் கடந்து போய்வருபவன், ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னான்: “அத்தா, பதினேழு வருஷம் உழைச்சிருக்கு. விட்டுடுங்க, சவுண்ட்பார் வாங்கிடலாம்.” அவன் காட்டிய சவுண்ட்பார் 18,000 ரூபாய், புதிய ரிசீவரானால் 45,000. பெட்டியைச் செய்த நிறுவனத்தின் சேவை நிலையத்தில் விசாரித்தபோது, இத்தனை பழைய மாதிரிக்கு உதிரிப் பாகம் இல்லை என்று பதில் வந்தது. பழுது பார்க்கும் உரிமைக்கென ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியது. நல்ல செயலே; எனினும் இல்லாத பாகத்தைத் தளம் செய்து தருமா?

நான் ஓசூர் சிப்காட்டில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் முப்பதாண்டுகள் பணியாற்றியவன். 1980இல் டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்டு வண்டியும் இங்கே உருவாகத் தொடங்கிய பின், எங்களைப்போல் தெற்கிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல. ஆலையில் ஓர் இயந்திரம் நின்றால், அது எத்தனை வயது என்று எவரும் முதலில் கேட்பதில்லை. எது நின்றது என்றே கேட்போம். அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தி வானொலி வைத்திருந்த காலத்தில் எங்கள் அத்தாவும் அப்படித்தான். வால்வு போனால் வால்வை மாற்றுவார். ஆலையில் கேட்ட கேள்வியை வீட்டில் கேட்க எனக்குப் பத்து நாட்கள் ஆயின.

கிருஷ்ணகிரிப் பழையபேட்டையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். உருது பேசும் குடும்பத்தவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் தடையின்றிப் பேசுவார். “மொதல்ல சீரிஸ் பல்புல போட்டுப் பாத்துடலாம் பாய்” என்றார். நூறு வாட் குண்டு பல்பு ஒன்றின் வழியாக மின்சாரத்தைச் செலுத்துவது முறை. உள்ளே மின்கசிவு பெரிதாயின் பல்பு முழுமையாக எரிந்துகொண்டே இருக்கும். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கியது. அவர் முகம் மலர்ந்தது. பெரிய டிரான்சிஸ்டர்கள் கருகவில்லை. ‘டக்’கென்ற ஓசை ரிலேயின் ஓசையாம். மின்னோட்டத்தில் பிழை கண்டால் ஒலிபெருக்கிகள் எரிந்துபோகாமல் தொடர்பைத் துண்டிக்கும் காவலன் அது. ஆக, ‘செத்தது’ என்று நாங்கள் நினைத்த நாளெல்லாம் அது தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது!

மின்வழங்கும் பலகையில் நான்கு கெப்பாசிட்டர்களின் தலை வீங்கியிருந்தது. அலுமினியத் தகடும் திரவத்தில் ஊறிய தாளும் சுருட்டி அடைத்த சிறு குப்பிகள் அவை. சூட்டில் திரவம் உலரும். பத்துப் பாகை சூடு கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது அத்தொழிலில் வழங்கும் கணக்கு. கண்ணாடி அலமாரிக்குள் பெட்டியைப் பூட்டி வைத்து, அழகுக்காகக் கதவையும் சாத்தியவன் நான். குற்றவாளி யாரென்று அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

சிக்கல் வேறொன்றும் இருந்தது. படமும் ஒலியும் சேர்ந்து வரும் ஹெச்.டி.எம்.ஐ. பலகையும் பழுது. “இந்த போர்டு கெடைக்காது பாய்” என்று கைவிரித்தார். ஹெச்.டி.எம்.ஐ. முறையே 2002இல்தான் வந்தது. தொலைக்காட்சியின் ஒலியை அதே கம்பியில் திருப்பி அனுப்பும் வசதி 2009இல் சேர்ந்தது. எங்கள் பெட்டியோ 2008. இத்தகைய பெட்டிகளில் ஒலியைப் பெருக்கும் பகுதி மெல்ல மூப்படைகிறது. வாசல்கள் விரைவில் பழசாகிவிடுகின்றன. ஆனால் எங்களுக்கு அந்த வாசல் தேவைதானா? படம் நேரே தொலைக்காட்சிக்குப் போகட்டும். ஒலியை மட்டும் தொலைக்காட்சியிலிருந்து ஆப்டிகல் கம்பி வழியே பெட்டிக்குக் கொண்டுவரலாம். சோதித்துப் பார்த்தார், அவ்வாசல் திறந்தே இருந்தது.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலிருந்து 105 பாகை தாங்கும் கெப்பாசிட்டர்களை மகனே வாங்கிவந்தான். கூலியும் பொருளும் சேர்ந்து 2,800 ரூபாய். 6,000 ரூபாயைத் தாண்டினால் மகன் சொல்வதைக் கேட்பது என்று மனத்துள் ஒரு வரம்பு வைத்துத்தான் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தேன். டிரான்சிஸ்டர்கள் கருகியிருந்தால், தம்பியின் பெட்டியே ஆயினும் விட்டிருப்பேன். அம்மாவுக்கு வேண்டியது விளங்கும் பேச்சு, நினைவுச் சின்னமன்று.

முதல் சஹருக்கு இரண்டு நாட்கள் முன்னதாகப் பெட்டி வீடு திரும்பியது. இம்முறை கதவில்லாத திறந்த தட்டில் வைத்தேன். அந்த மூன்று வாரத்தில் அதன் நினைவிலிருந்த அமைப்புகள் யாவும் அழிந்திருந்தன. தம்பி வைத்த அளவும் போயிற்று. நல்லவேளையாகக் கையேட்டின் பின்னட்டையில் அவன் பென்சிலால் குறித்து வைத்திருந்தான்: ‘நடு, கூட்டல் 4’. அதையே வைத்து அம்மாவை அவருடைய பழைய இடத்தில் அமரச் செய்தேன். செய்தி ஓடிற்று. அம்மா தலையை அசைத்தார். ஐந்து வைத்தேன், ஆறு வைத்தேன். ஏழில் நிறுத்தினேன்.

“இப்பத்தான் சொல்லு சொல்லாக் கேக்குது” என்றார்.

பென்சிலைத் தேடி எடுத்து, தம்பியின் எழுத்துக்குக் கீழே ஏழு என்று எழுதி வைத்தேன்.