சிவகாசி மொட்டை மாடியில் ஒரு 360!

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கரிசல் காடு, சீமைக்கருவேலம், நடுநடுவே வேலி போட்ட பட்டாசு ஆலைகள் என்று பார்த்துக்கொண்டே போகலாம். ஆலை என்றதும் பெரிய கட்டடத்தைத் தேடாதீர்கள். ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கும் சின்னச் சின்ன அறைகள்தான். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. மழை குறைவு, வெயில் அதிகம். மருந்தும் காகிதமும் நன்றாகக் காயும். ஊர் பிழைப்பதே அந்த வெயிலில்தான்.

இந்த மண்ணில் ஸ்கேட்போர்டு ஓட்ட முடியுமா? கரிசலில் சக்கரம் புதையும். தெருவில் பேட்ச் வேலை பார்த்த தார் ரோடு, குறுக்கே வாறுகால். பத்தடி உருள்வதற்குள் பல் போய்விடும். ஆனாலும் சிவகாசியில் இருக்கும் என் அக்கா மகன் ஏழு மாதமாக ‘360 ஃப்ளிப்’ பழகிக்கொண்டிருக்கிறான். இடம், வாடகை வீட்டு மொட்டை மாடி. நெஞ்சளவு கைப்பிடிச் சுவர், வழுவழுப்பான சிமென்ட் தளம். மாலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டுமே அனுமதி. கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் ‘தட்... தட்...’ என்று கேட்டால் யார்தான் பொறுப்பார்?

ஸ்கேட்போர்டு என்றாலே சரிவும் மேடும் கொண்ட பெரிய பார்க் வேண்டும் என்று நினைத்திருந்தேன். ‘ஃப்ரீஸ்டைல்’ வகைக்கு அதெல்லாம் தேவையில்லை, சமதளம் போதும் என்றான் மருமகன். இந்த வித்தையைக் கண்டுபிடித்த அமெரிக்கர் ராட்னி முல்லன், ஃபுளோரிடாவில் ஒரு பண்ணை வீட்டில் வளர்ந்தவர். சுற்றிலும் மண்தரை. அதனால் கார் ஷெட்டின் சிமென்ட் தரையிலேயே மணிக்கணக்காகப் பழகினார். 1977 புத்தாண்டன்று, பத்து வயதில், முதல் பலகை கைக்கு வந்தது. அப்பா போட்ட நிபந்தனை: பெரிதாக அடிபட்டால் அன்றோடு விட்டுவிட வேண்டும். 1980களின் தொடக்கத்தில் கிக்ஃப்ளிப், 360 ஃப்ளிப் என்று அவர் உருவாக்கியவைதான் இன்று உலகமெங்கும் தெருவில் ஆடப்படுகின்றன.

நம் மாநிலத்தில் இந்த விளையாட்டுக்கு முகம் கொடுத்தவர் மாமல்லபுரம் கமலி மூர்த்தி. சிறுமியாக கவுன் போட்டு, வெறுங்காலோடு அவர் பலகையில் இறங்கும் படத்தை டோனி ஹாக் பகிர்ந்தார். ‘கமலி’ என்ற குறும்படம் 2020ல் பாஃப்டா விருதுக்கான பட்டியல் வரை போனது. அங்கே கடல் உண்டு, பலகையோடு வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்கள் உண்டு. சிவகாசிக்கு அந்த வசதி கிடையாது. தீப்பெட்டித் தொழிலைக் கற்க அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா வரை போய்த் தங்க வேண்டியிருந்தது. இவனுக்கு குரு செல்போனில் இருக்கிறார். ஒரே வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான்.

சரி, 360 ஃப்ளிப் என்றால் என்ன? ஆள் திரும்பக் கூடாது. காலுக்கடியில் பலகை மட்டும் தரைச்சக்கரம் மாதிரி ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அதே நொடியில் நீளவாக்கில் ஒரு புரளும் புரள வேண்டும். பின்காலின் விரல்கள் வால்பகுதி ஓரத்தில் நின்று, பலகையைப் பின்பக்கமாக வாரிவிட வேண்டும். முன்கால் ஓரத்தை லேசாக உரசி விலக வேண்டும். சொரசொரப்பான மேல்பக்கம் மேலே வரும்போது இரு காலாலும் பிடித்து, முழங்கால் மடக்கி இறங்க வேண்டும். எல்லாம் ஒரு விநாடிக்குள்! தாவுவதற்கு ‘ஒல்லி’, சுற்றுவதற்கு ‘ஷவ்இட்’, புரட்டுவதற்கு ‘கிக்ஃப்ளிப்’ என்று படிப்படியாக வந்தால்தான் இது வசப்படும்.

அவன் முன்கால்தான் தகராறு. ஓங்கி உதைத்தான், பலகை சுவர் வரை பறந்தது. பயந்து உதைத்தான், பாதிச் சுற்றில் விழுந்தது. ஹெல்மெட் உண்டு. ஆனால் கணுக்கால் எலும்புக்கு ஹெல்மெட் ஏது? இரண்டு காலிலும் கன்றிப்போன தழும்புகள்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்காது. கல்யாணத்துக்கு முன் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவள். வரி வரியாகப் பள்ளம் உள்ள சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகும் வேலை அது. பிறகு பட்டாசு ஆலை. அங்கே முதல் பாடமே ‘உரசாதே’ என்பதுதான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். மருந்து அறையில் இரும்புச் சாமான் கூடாது. பெட்டியைத் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். உராய்வுக்குப் பயந்தே இருபது வருடம் உழைத்தவள் முன்னால் மகன் சிமென்ட் தரையில் பலகையைத் தேய்த்தால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தோள் தூக்கிப்போட்டது. ஆலைப் பக்கம் பலகையைக் கொண்டு போகக் கூடாது என்று சத்தியமே வாங்கியிருக்கிறாள்.

ஆனால், அவன் தப்பைக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

“ஏண்டா இப்படி மிதிக்கிற? தீக்குச்சியை அமுக்கி உரசினா ஒடியும், சும்மா தடவினா பத்தாது. பட்டும் படாம ஒரு இழுப்பு இழுக்கணும்.”

தீப்பெட்டியின் பக்கவாட்டுப் பட்டை போலத்தான் பலகையின் மேல்பக்கமும். உப்புத்தாள் மாதிரி ஒட்டியிருப்பார்கள். குச்சியின் தலையில் ஒரு மருந்து, பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் சரியான அழுத்தத்தில் உரசினால்தான் நெருப்பு. ஷூவுக்கும் பலகைக்கும் அதே கணக்கு.

மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. பின்காலால் வாரினான். முன்கால் சும்மா ஓர் இழுப்பு. பலகை சுற்றிப் புரண்டு வந்து காலடியில் நின்றது. அவனும் நின்றான்.

“மாமா, வீடியோ எடுத்தீங்களா?” என்றான். எடுக்கவில்லை!

அதன்பிறகு பதினொரு முறை முயன்றான். ஒன்றும் நிற்கவில்லை. ஏழு மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் குரல் கொடுத்துவிட்டார்.