புகையின் ருசி

கிளாஸ்கோவில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரக் கிழவரிடம், "நல்ல விஸ்கி எது?" என்று ஒரு நாள் கேட்டேன். விலை உயர்ந்த பெயர் எதையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அலமாரியிலிருந்து டீச்சர்ஸ் பாட்டிலை எடுத்தார். அந்த ஊர்க் கம்பெனி 1884இல் பதிவு செய்த கலப்பு விஸ்கி; சாதாரண வருமானக்காரனும் வாங்கக் கூடியது.

"முதலில் முகர்ந்து பாருங்கள்" என்றார். அடுப்புப் புகை வாசனை! "கருகிவிட்டதோ?" என்றேன்.

"இல்லை, இல்லை. எங்கள் மலைநாட்டில் விறகுக்குப் பஞ்சம். சதுப்பு நிலத்தில் செடிகொடி மக்கி இறுகிய மண்ணை வெட்டி, காயவைத்து எரிப்பார்கள். பீட் என்று பெயர். முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில்தான் உலர்த்தினார்கள். வேறு எரிபொருள் வந்த பிறகும் புகையை விட மனம் வரவில்லை. 1898இல் கட்டிய ஆர்ட்மோர் வடிசாலையின் புகைச்சரக்கு இதில் கலந்திருக்கிறது."

ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சுவைத்தேன். முதலில் தேன் போன்ற இனிப்பு. விழுங்கிய பிறகு மெல்லப் புகை.

சிறுவயதில் என் சட்டையில் அம்மாவின் விறகடுப்புப் புகை நாறும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கோபத்தில் அம்மாவிடம் எத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன்! ஏழ்மையின் அடையாளமென்று நான் வெட்கப்பட்டதை இந்த ஜனங்கள் பாட்டிலில் அடைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

"இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா?" என்றார் கிழவர். வேண்டாமென்று சொல்லிவிட்டு, காலிக் கிளாஸை வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தேன்.