அம்மன் முகத்தை இழுத்துட்டேன்

 

வெள்ளிக்கிழமை வாசல்ல கட்டின ஆடித் திருவிழா பேனர் சனிக்கிழமை காணோமேன்னு நிறைய பேர் கேட்டீங்க. கழட்டினது நான்தான். தப்பும் என்னோடதுதான்.

பேனர் 8 அடி அகலம், 5 அடி உயரம். போன்ல எடுத்த அம்மன் படம் அவ்வளவு அகலம் இல்லை. போட்டோஷாப்ல மூலையைப் பிடிச்சு இழுத்தேன், வழக்கம்போல ஷிப்ட் பட்டனை அழுத்திக்கிட்டு. பழைய வெர்ஷன்ல ஷிப்ட் பிடிச்சா நீள அகலம் சேர்ந்தே மாறும். 2019 வெர்ஷன்ல இருந்து அது தலைகீழ். ஷிப்ட் பிடிச்சா இஷ்டத்துக்கு இழுபடும். ஃபேக்டரியில மூனு ஷிப்டும் பார்த்தவன், இந்த ஷிப்டுல கோட்டை விட்டேன். அகலம் மட்டும் 20 விழுக்காடு கூடிப்போச்சு. சின்ன ஸ்க்ரீன்ல எனக்குத் தெரியவே இல்லை.

ராத்திரி பூஜைக்கு வந்த பூக்கட்டுற பாட்டிக்குத் தெரிஞ்சது. "ஏன்யா, அம்மா முகம் வீங்கிக் கிடக்கு? உடம்புக்கு முடியலையா?"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கல. சன்னதியைப் பார்த்தாங்க, திரும்பப் பேனரைப் பார்த்தாங்க, கண்ணு கலங்கிடுச்சு.

ஸ்தபதிங்க முக நீளத்தை ஒரு தாளம்னு வச்சுத்தான் மொத்த உருவத்தையும் அளந்து செதுக்குவாங்க. அந்த அளவை நான் ஒரு நொடியில கெடுத்துட்டேன். ஃபேக்டரியில இப்படி ஒரு சாமான் வந்தா ரிஜெக்ட்னு ஒதுக்கியிருப்பேன். கோயில்ல மட்டும் "பரவாயில்லை, அழகாத்தான் இருக்கு"ன்னு எப்படி விட்டேன்?

அன்னிக்கு ராத்திரியே கழட்டிட்டேன். புது பேனர் செலவு என்னோடது.

வாட்சப்ல சாமி படம் செய்யிற தம்பி தங்கச்சிகளுக்கு ரெண்டு விஷயம். ஒன்னு, இடம் பத்தலைன்னா பின்னாடி இருக்கிற திரையை மட்டும் இழுங்க. அம்மனைச் சுத்தி செலக்ட் பண்ணி 'சேவ் செலெக்‌ஷன்' கொடுத்துட்டு, எடிட் மெனுவுல 'கன்டென்ட் அவேர் ஸ்கேல்' போய், 'புரொடெக்ட்'ல அதைத் தேர்ந்தெடுத்தா அம்மன் உருவத்தை அது காப்பாத்தும். பின்னாடி வெறும் திரையா இருந்தா நல்லா வரும், தூண் இருந்தா கோணலாகும். அப்போ ரெண்டு பக்கமும் மஞ்சள் கலர் விட்டுடுங்க, அதுவே போதும்.

ரெண்டாவது, அனுப்புறதுக்கு முன்னாடி நேரா பார்த்து எடுத்த படத்துல பொட்டைப் பாருங்க. வட்டப் பொட்டு முட்டையா தெரிஞ்சா, முகமும் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

புது பேனர் ரெடி. பாட்டிகிட்ட முதல்ல காட்டிட்டுத்தான் கட்டுவோம். மன்னிச்சுக்குங்க.