சுகர் லேண்டிலிருந்து கால்வெஸ்டன்: ஜெட் ஸ்கீ கிளம்ப மறுத்தால்

நம்ம சுகர் லேண்டில் சர்க்கரை இப்போது பெயரில் மட்டும்தான். இம்பீரியல் சுகர் ஆலை 2003-ல் மூடப்பட்டுவிட்டது. பழைய செங்கல் கட்டடம் மட்டும் ஊருக்கு அடையாளமாக நிற்கிறது. ஆனால் மே மாதம் பிறந்ததும் தெருத்தெருவாகக் கராஜ் கதவுகள் திறக்கும். உள்ளே சைக்கிளுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில், ட்ரெய்லர் மேல் ஒரு ஜெட் ஸ்கீ.

அங்கிருந்து கடலுக்கு வழி கேட்கவே வேண்டாம். ஊருக்குள் ஓடும் ஹைவே 6-ஐப் பிடித்தால் மிசௌரி சிட்டி, மேன்வெல், ஆல்வின், சாண்டா ஃபே, ஹிட்ச்காக் என்று போய் 45-ல் சேர்த்துவிடும். பியர்லாந்து மீனாட்சி கோவிலும் இந்த வழியிலிருந்து அதிக தூரமில்லை. சாமி கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. காஸ்வே பாலம் தாண்டினால் கால்வெஸ்டன் தீவு. ஜெட் ஸ்கீ விடுகிறவர்கள் பலரும் போவது சீவால் பக்கம் இல்லை, தீவின் உள்பக்கம் இருக்கும் ஆஃபட்ஸ் பாயூவுக்கு. கடலலை அங்கே நேராக வந்து அடிக்காது.

61-ஆம் தெருப் பக்கம் படகு இறக்கும் சரிவில் சனிக்கிழமை காலை பாருங்க. பின்னால் பத்து ட்ரெய்லர் வரிசை. முன்னால் ஒரு குடும்பம், ஸ்டார்ட் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கும். "அப்பா, டிக் டிக்னு மட்டும் சத்தம் வருது!" பின்னால் ஹார்ன்.

சரிவிலேயே நின்றுபோனால் வெறும் தலைகுனிவுதான். தண்ணீர் நடுவில் நின்றால் கதை வேறு. ஜெட் ஸ்கீக்குச் சுக்கான் கிடையாது. பின்னால் பீய்ச்சும் தண்ணீர்தான் அதைத் திருப்புகிறது. இன்ஜின் அணைந்தால் ஹேண்டிலை எப்படித் திருப்பினாலும் வண்டி போன போக்கில்தான் போகும். எதிரே படகோ பாலத் தூணோ இருந்தால்? பதினான்கு வயதுப் பிள்ளை ஓட்டிக்கொண்டிருந்தால்? அதனால்தான் இந்தச் சோதனையை வெள்ளிக்கிழமை மாலையே வீட்டு டிரைவ்வேயில் முடிக்கச் சொல்கிறேன்.

முதலில் சீட்டைக் கழற்றிச் சில நிமிடம் காற்றாட விடுங்க. பெட்ரோல் ஆவி உள்ளே தேங்கியிருக்கும். அதன்மேல் ஒரு பொறி விழுந்தால் போதும். பிறகு பட்டனை அழுத்தி, காது கொடுத்துக் கேளுங்க. கூலிங் தண்ணீர் இல்லாமல் இன்ஜினைச் சில விநாடிகளுக்கு மேல் ஓட விடக்கூடாது. உங்க மாடலின் கையேட்டில் அளவு இருக்கும்.

சத்தமே இல்லையா? கயிறோடு கூடிய பாதுகாப்புக் கிளிப் சரியாகப் பொருந்தியிருக்கிறதா பாருங்க. சீ-டூ வண்டிகள் பலவற்றில் சாவி சரியாக உட்கார்ந்தால் இரண்டு சின்ன பீப் வரும். அடுத்து ஃபியூஸ், பேட்டரி இணைப்பு.

'டிக்' மட்டும் வருகிறதா? பெரும்பாலும் பேட்டரிதான். மல்டிமீட்டர் வைத்தால் முழு சார்ஜ் 12.6 வோல்ட் பக்கம் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பட்டனை அழுத்தும்போது 10-க்குக் கீழே விழுந்தால் சார்ஜ் போடணும், இல்லையென்றால் மாற்றணும். முனையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருப்பது உப்புக் காற்றின் வேலை. தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்குங்க. இவ்வளவும் சரியாக இருந்தும் 'டிக்' என்றால் ஸ்டார்ட்டர் ரிலேயைச் சந்தேகிக்கலாம்.

வேகமாகச் சுற்றுகிறது, பற்றவில்லையா? இப்போதுதான் ஸ்பார்க் ப்ளக் பக்கம் போகணும். கழற்றிய ப்ளக் பெட்ரோலில் நனைந்திருந்தால், எரிபொருள் வருகிறது, பொறி வரவில்லை என்று பொருள். அல்லது இன்ஜின் பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது. எலும்பாய்க் காய்ந்திருந்தால் எரிபொருள் பக்கம் தேடுங்க. பொறி வருகிறதா என்று பார்க்க ஸ்பார்க் டெஸ்டர் வாங்கிக்கொள்ளலாம், விலை குறைவுதான். ப்ளக்கைக் கையில் பிடித்துப் பார்க்கவே கூடாது. அங்கே ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட்.

பற்றுகிறது, ஆனால் திக்கித் திணறுகிறதா? ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாமல் இருக்கலாம். புதிய ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் பலவற்றில் ஒவ்வொரு ப்ளக் மேலும் தனி இக்னிஷன் காயில் உண்டு. இரண்டு காயிலை இடம் மாற்றிப் போடுங்க. கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லை என்றால் ப்ளக், ஒயர், அல்லது குளிர்காலம் முழுக்க டேங்கில் கிடந்த பெட்ரோல். எத்தனால் கலந்த பெட்ரோல் நம்ம ஊர் ஈரப்பதத்தை உறிஞ்சும்.

இதைப் படித்ததும் உங்க அப்பாவுக்குப் பழைய ஞாபகம் வரலாம். ஊரில் பஜாஜ் ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் சாய்த்து, ப்ளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, ஊதி மாட்டி, ஒரே உதையில் கிளப்பியவர்கள் அந்தத் தலைமுறை. டிரைவ்வேயில் நாற்காலி போட்டு தாத்தாவை உட்கார வையுங்க. பேரனுக்கு அவர் சொல்ல நிறைய இருக்கும். ஒன்று மட்டும்: இப்போது வரும் இரிடியம் ப்ளக்கை உப்புத்தாளில் தேய்க்கக் கூடாது. முனை மெல்லிசு, கெட்டுவிடும். புதிதாக மாற்றுவதே சரி.

திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் இன்ஜினைக் கழுவணும். வெளித் தண்ணீரை உறிஞ்சிக் குளிரூட்டும் மாடல்களில் வரிசை முக்கியம்: முதலில் இன்ஜின், பிறகு குழாய்; நிறுத்தும்போது முதலில் குழாய், பிறகு இன்ஜின். மாற்றிச் செய்தால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாக இன்ஜினுக்குள்ளேயே போய்விடும்.

டெக்சஸ் சட்டத்தையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிங்க. செப்டம்பர் 1, 1993 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஜெட் ஸ்கீ ஓட்டப் படகோட்டிப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். கவனிங்க, பெற்றோரான உங்களில் சிலருக்கே இது பொருந்தும்! 13 வயதுக்குக் கீழே தனியாக ஓட்டக் கூடாது. லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் கட்டாயம், பாதுகாப்புக் கயிறு ஓட்டுபவர் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும், சூரியன் மறைந்தபின் ஓட்டவே கூடாது.

எல்லாம் பார்த்தும் நடுத் தண்ணீரில் நின்றுபோனால் பிள்ளைகளுக்கு வரிசை மனப்பாடமாக இருக்கட்டும்: கிளிப்பைப் பார், பட்டனை அழுத்து, சத்தத்தைக் கேள், இரண்டு மூன்று முறைக்கு மேல் முயலாதே, கையை ஆட்டி உதவி கேள். கரை பக்கத்தில் தெரிந்தாலும் வண்டியை விட்டு நீந்தக் கூடாது. நீந்தும் தலையைவிட மிதக்கும் வண்டிதான் தேடி வருகிறவர் கண்ணில் சீக்கிரம் படும். நீர் புகாத உறையில் போன், கழுத்தில் ஒரு விசில். கிளம்பும் முன் இரண்டையும் நீங்களே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்க.