ஐந்தாம் ஆண்டுப் பிரியாவிடை பற்றி ஊரவர்களுக்கு



ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் பிரியாவிடை எப்போது, மேடையில் யாரை ஏற்றப் போகிறீர்கள் என்று இரண்டு வாரமாகப் பலரும் கேட்கிறீர்கள். பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்கிறீர்கள், மீன் வாங்கப் போன இடத்திலும் கேட்கிறீர்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஐந்தாம் தரத்துக்குப் படிப்பிக்கும் மூன்று பேர். எங்கள் பாடசாலை ஐந்தோடு முடிகிறது. வருடக் கடைசியில் விடுகைப் பத்திரம் எடுத்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளும்தான் போகிறார்கள். ஆனால் பல வருடங்களாக நாங்கள் நடத்திய பிரியாவிடையைப் பார்த்த ஒருவர், வெட்டுப்புள்ளியைத் தாண்டிய ஐந்தாறு பிள்ளைகள் மட்டும்தான் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

2018இல் நடந்ததைச் சொல்கிறோம். 34 பிள்ளைகள், வெட்டுப்புள்ளிக்கு மேல் ஐந்து பேர். அந்த ஐந்து பேருக்கும் மேடையில் கதிரை, மாலை, பதக்கம், கேடயம். மற்ற 29 பேரும் கீழே பாயில் இருந்து கைதட்டினார்கள். பதக்கத் தட்டைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே என்று ஒரு மகனைக் கூப்பிட்டு நிறுத்தினோம். சொன்ன வேலையை ஓடிப்போய்ச் செய்கிற பிள்ளை. அவனுக்கு வெட்டுப்புள்ளிக்கு நாலு புள்ளிதான் குறைவு. அது அந்த நேரம் எங்கள் ஞாபகத்திலேயே இல்லை. விருந்தினர் பேசி முடியும் வரைக்கும் ஒரு மணித்தியாலம் தட்டோடு நின்றான்.

மூன்று நாளைக்குப் பிறகு அவனுடைய உம்மா விடுகைப் பத்திரம் எடுக்க வந்தார். போகும்போது ஃபோனைக் காட்டினார். பாடசாலைப் பக்கத்தில் நாங்கள் போட்ட படங்கள்.

"எல்லாப் போட்டோவிலயும் எங்கட மகன் நிக்கான் சேர். ஒண்டிலயும் அவன்ட பேர் இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நாங்களும் ஏதாவது பதில் சொல்லியிருப்போம். கையொப்பத்துக்கு அதிபரின் அறைக்கு அனுப்பிவைத்தோம், அவ்வளவுதான்.

அதோடு திருந்திவிட்டோம் என்று எழுதினால் அது பொய். அடுத்த வருடமும் அதே விழாதான். பதக்கத் தட்டை மட்டும் எங்களில் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

வழக்கத்தை மாற்றியது நாங்கள் அல்ல, 2024ஆம் ஆண்டுப் பரீட்சை. செப்டெம்பர் 15இல் பிள்ளைகள் எழுதினார்கள். முதலாம் வினாத்தாளின் கேள்விகள் முன்னரே வெளியாகிவிட்டன என்று பிரச்சினை கிளம்பி வழக்கானது. சம்பந்தப்பட்ட மூன்று கேள்விகளுக்கும் எல்லோருக்கும் புள்ளி கொடுக்கும்படி டிசம்பர் 31இல் உயர் நீதிமன்றம் சொன்னது. முடிவு வரும்போது ஜனவரி 23. வெளியிலே நடந்தது எதுவும் விளங்காமல், பத்து வயதுப் பிள்ளைகள் நாலு மாதம் காத்திருந்தார்கள். அந்தக் கல்வியாண்டும் இழுபட்டு ஜனவரியில்தான் முடிந்தது.

பிரியாவிடையை அதுவரைக்கும் தள்ளிவைக்க முடியவில்லை. ஜனவரி நடுப்பகுதியில் வைப்பது என்று முடிவானது. கேடயம் யாருக்கு என்று அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள். புள்ளி தெரியாதே. எங்களில் மூத்தவர்தான் சொன்னார்: "எல்லாரையும் ஏத்துவம். ஒவ்வொரு புள்ளையப் பத்தியும் ஒரு வரி எழுதி வாசிப்பம். புள்ளி இல்லாத வரி."

ஒரு வரிதானே என்று நினைத்தோம். வரவுப் பதிவேட்டை விரித்து வைத்து எழுத இருந்தபோதுதான் விசயம் விளங்கியது. நாலு பிள்ளைகளுக்கு எங்களால் ஒன்றும் எழுத முடியவில்லை. "அமைதியான பிள்ளை" என்று எழுதி, வெட்டி, திரும்பவும் அதையே எழுதினோம். அமைதியான பிள்ளை என்றால் நாங்கள் கதைக்காத பிள்ளை என்றுதான் அர்த்தம். எத்தனை மாதிரி வினாத்தாள்கள் செய்வித்திருப்போம்! அந்த நாலு பேரும் பின்னத்தில் எங்கே பிழைவிடுவார்கள் என்று எங்களுக்கு அத்துப்படி. வீட்டில் எத்தனை பேர், எதைக் கண்டால் சிரிப்பார்கள் என்று கேட்டால் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு கிழமை அவர்களோடு இருந்தோம். பரீட்சை முடிந்த வகுப்பு, செய்விக்க வினாத்தாள் இல்லை. நூலக அலுமாரியைத் துடைத்தோம், பூச்சாடிக்கு மண் நிரப்பினோம், மைதானத்துக்குப் போனோம். அங்கே வொலிபோல் நெற் மாதக்கணக்காகக் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாலு பேரில் ஒரு மகள் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நூல் கேட்டாள். வாப்பா கரைவலைக்குப் போகிறவராம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, இடைவேளை முடியுமுன் தைத்து முடித்துவிட்டாள். இன்னொரு மகன், தினமும் தம்பியை இரண்டாம் வகுப்பில் இருத்தி, அவனுடைய தண்ணீர்ப் போத்தலை நிரப்பி வைத்துவிட்டுத்தான் எங்கள் வகுப்புக்கு வருகிறான். "ஏன் பிந்தி வாற?" என்று அவனைத்தான் வருடம் முழுக்க ஏசியிருக்கிறோம்.

விழா அன்று கிராஅத் முடிந்ததும் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். நாங்கள் வரியை வாசித்தோம். நெற் தைத்த கதையை வாசிக்கும்போது அந்த வாப்பா கடைசி வரிசையில் எழுந்து நின்றே கேட்டார். பிறகு சஹன் சாப்பாடு. வட்டலப்பம் போதாமல் போய்விட்டது, அதற்கு இன்னும் பேச்சு வாங்குகிறோம்.

முடிவு வந்தது வியாழக்கிழமை. மறுநாள் வருடத்தின் கடைசி நாள். ஏழு பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். அவர்களுடைய வீடுகளில் சந்தோசத்துக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. திங்கட்கிழமை புதிய வருடம் தொடங்கி எல்லோரும் ஆறாம் தரத்துக்குப் போய்விட்டார்கள். அந்தக் கிழமையே இரண்டு பேர் பள்ளி விட்டதும் எங்கள் கேற்றடியில் வந்து நின்றார்கள். "டீச்சர், அங்க பாடத்துக்கு ஒரு ஆள் வாறாங்க. மணி அடிச்சதும் போயிர்றாங்க. யாருக்கும் எங்கட பேர் தெரியா."

இனி இந்த 2025ஆம் வருடத்துக்கு வருவோம். பரீட்சை ஆகஸ்ட் 10இல் நடந்தது, முடிவும் செப்டெம்பர் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. யாருக்கு எத்தனை என்று ஊருக்கே தெரியும். சித்தியடைந்தவர்களுக்குக் கேடயம் தருகிறோம் என்று சில சகோதரர்கள் முன்வந்திருக்கிறார்கள். ஜஸாக்குமுல்லாஹு கைரா. "கஷ்டப்பட்டுப் படிச்ச புள்ளையயும் மத்தப் புள்ளையயும் ஒண்டாப் பார்க்கலாமா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கன்னங்கரா காலத்தில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளை மத்திய கல்லூரிக்குப் போக வழி திறந்த பரீட்சை இது. இன்றைக்கும் அந்த மாதாந்தக் கொடுப்பனவு வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான். அந்தச் சித்தியை நாங்கள் சிறிதாக நினைக்கவில்லை. முடிவு வந்த கிழமையே காலைக் கூட்டத்தில் அவர்களை முன்னால் அழைத்துப் பாராட்டினோம். வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஒரு நாள் வையுங்கள், நாங்களும் வந்து நிற்கிறோம். பிரியாவிடை நாளை மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் விட்டுத் தாருங்கள்.

பெற்றாரிடமும் ஒரு வேண்டுகோள். பரீட்சை முடிந்தது, இனி என்ன படிப்பு என்று பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள். நேற்றும் எட்டுப் பேர் வரவில்லை. இந்த வருடத்து வரிகளில் இன்னும் இரண்டு எழுதப்படாமல் கிடக்கின்றன. அந்த இரண்டு பேருமே வராதவர்களில்தான் இருக்கிறார்கள்.

உதவ விரும்புகிறவர்கள் சஹனுக்கு உதவுங்கள். வட்டலப்பத்தை இந்த முறை கூடுதலாகவே சொல்லியிருக்கிறோம். கேடயக் கடைக்காரர் எத்தனை வேண்டும் என்று நேற்றும் கோல் எடுத்தார். 37 என்று சொல்லிவிட்டோம்.