பெட்டியில் 58, கணக்கில் 54

பட்டுக்கோட்டையில் நாங்கள் போன விவசாயக் கருவிக் கடையில் ஒரு சுவர் முழுக்கச் செயின்சா. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது, அறுக்க ஆள் கிடைக்காமல் தவித்தவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். பேராவூரணிப் பக்கம் சின்னத் தோப்பு. விழுந்த மரம், பட்டுப்போன வேம்பு, அடுப்புக்கு விறகு, அவ்வளவுதான் அவருக்கு வேலை. "வாங்குனா ஜெர்மன் மெஷின்தான் தம்பி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அவர் சொன்னது ஸ்டில், 1926இல் தொடங்கிய ஜெர்மன் கம்பெனி. அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை; நாள் முழுக்க மரம் அறுப்பவர்கள் கையில் உழைத்துக் காட்டிய பெயர். ஆனால் அவர்கள் கையில் இருப்பது வேறு மெஷின். கடையின் பின்கட்டில் மெக்கானிக் இரண்டைப் பிரித்துப் போட்டிருந்தார். மரக் கான்ட்ராக்டருடைய பெரிய மெஷினில் கிராங்க் பெட்டியே மெக்னீசிய வார்ப்பு. பக்கத்தில் வீட்டு உபயோகத்துக்கான சின்னது. அதே கம்பெனி, அதே ஆரஞ்சு நிறம். அதில் என்ஜின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. 30 சிசி, ஏறக்குறைய 4 கிலோ. வருஷத்தில் சில நாள் எடுப்பவருக்கு இது தாராளம். பெரியதன் புகழைச் சின்னதன் மேல் ஏற்றிப் பார்க்கக் கூடாது.

எதிர்வரிசையில் பெயர் கேள்விப்படாத மெஷின்கள், பாதி விலைக்கும் கீழே. பெட்டியில் கொட்டை எழுத்தில் 58 சிசி. உள்ளே இருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். சிலிண்டர் விட்டம் 45.2 மி.மீ., ஸ்ட்ரோக் 34 மி.மீ. செல்போனில் கணக்குப் போட்டால் 54.6 சிசிதான் வருகிறது. அதைவிட உறுத்தியது, செயின் ஓடும் 22 அங்குல பார். தென்னையின் தடிமன் ஒரு அடி சொச்சம். 14 அங்குலமே போதும். நீளம் கூடினால் எடை கூடும். நுனி எதிலாவது பட்டு மெஷின் முகத்தை நோக்கி எகிறும் ஆபத்தும் உண்டு.

"மட்டம்னு ஒதுக்கிடாதீங்க சார்" என்றார் மெக்கானிக். "இதுக்குக் கார்புரேட்டர், காயில் எல்லாம் எங்கயும் கிடைக்கும். பத்துப் பேர்ல வந்தாலும் உள்ள ஒரே சாமான்தான்."

நியாயமான பேச்சு. பெயருக்கென்று கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பங்கு சர்வீஸுக்குத்தான் என்பது என் எண்ணம். அந்த சர்வீஸ் பக்கத்தில் இல்லாவிட்டால் கொடுத்த பணம் வீண்.

கொல்லையில் கிடந்த தென்னந்துண்டில், அந்த மலிவு மெஷினைப் பெட்டியோடு வந்த செயினிலேயே ஓட்டிக் காட்டினார். மாவாகத் தூள் கொட்டியது, அழுத்தினால்தான் இறங்கியது. பிறகு அதே மெஷினில், கூர் தீட்டிய நல்ல செயின். சீவல் சீவலாக வந்து விழுந்தது; அழுத்தாமலே இறங்கியது. என்ஜின் மாறவில்லை, மாறியது செயின் மட்டும். தென்னையில் சிலிக்கா இருப்பதால் எந்தக் கம்பெனிப் பல்லும் சீக்கிரம் மழுங்கும். அரம் பிடிக்கத் தெரியாதவர் கையில் ஜெர்மன் மெஷினும் தூள்தான் கக்கும்.

கடைக்காரர் அடுத்த மாடலை எடுத்து மேசைமேல் வைத்தார். சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். சர்வீஸ் இந்தக் கடையிலேயே இருப்பதால் சின்ன ஸ்டில்லே போதும் என்றேன். பெரிய மாடலுக்குப் போகிற பணத்தில் இரண்டு உபரிச் செயின், 4 மி.மீ. உருட்டு அரம், முகத்துக்கு வலை வைத்த ஹெல்மெட்.

"அரம் பிடிக்க யாரு சொல்லித் தர்றது?" என்றார் சித்தப்பா.

மெக்கானிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவர் கையில் அரத்தைக் கொடுத்தார். "உள்ளேருந்து வெளியே, ஒரே பக்கமாத் தள்ளுங்கய்யா. இழுக்கக் கூடாது."