கேட்டுக்கு ஒரு வீடு

இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ஒரு புகைபோக்கியைப் பத்தி எழுதலாம்னு இருக்கேன்.

லண்டன்ல கியூ தோட்டத்துக்குப் போறவங்க எல்லாரும் கண்ணாடி மாளிகைகளைப் பாக்கத்தான் போவாங்க. நானும் டிக்கெட் காசு வீணாகக் கூடாதேன்னு பாம் ஹவுஸ், டெம்பரேட் ஹவுஸ்னு கால் வலிக்கச் சுத்தினேன். ஆனா ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கிறது, கியூ ரோட்டை ஒட்டி ஓரமா நிக்கிற ஒரு குட்டி வீடு. டெம்பரேட் ஹவுஸ் லாட்ஜ்னு பேரு. நம்மூர் பஸ் ஸ்டாண்டு எதிர்க்க இருக்கிற லாட்ஜ் இல்லீங்க :-) வாசலைக் காக்கிறவருக்காகக் கட்டின வீடு.

1867-ல வில்லியம் ஈடன் நெஸ்ஃபீல்ட் கட்டினது. இவரோட அப்பாதான் அதுக்கு முன்னாடி கியூவோட நடைபாதைகளையும் மரவரிசைகளையும் வடிவமைச்சவர். வீடு மொத்தமும் செங்கல். சின்னச் சதுரம், மேல பிரமிடு மாதிரி செங்குத்தான ஓட்டுக் கூரை, கூரை நடுவுல ஒரே ஒரு பெரிய செங்கல் புகைபோக்கி. சுவர் குட்டி, கூரை பெருசு, புகைபோக்கி அதைவிட வீம்பு. அப்பா சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்கிற சின்னப்பையன் மாதிரி இருக்கு. பாத்தவுடனே சிரிப்பு வரும், கொஞ்ச நேரம் நின்னு பாத்தா அளவெல்லாம் எவ்வளவு யோசிச்சு வச்சிருக்கார்னு புரியும்.

அந்தக் காலத்துல இங்கிலாந்து முழுக்க கூர் வளைவு கோதிக் மோகம். நெஸ்ஃபீல்ட் அதை விட்டுட்டு, இருநூறு வருஷத்துக்கு முந்தின செங்கல் வீடுகள் பக்கம் போனார். கொஞ்ச காலம் அவரோட கூட்டாளியா இருந்த நார்மன் ஷா இதே வழியைப் பெருசா எடுத்துட்டுப் போனார். 1870-கள்ல லண்டன் பெட்ஃபோர்ட் பார்க் வீடுகள் எல்லாம் அந்த ஜாடைதான். 'குயின் ஆன்' பாணின்னு பேர் வச்சாங்க. 1702-லேர்ந்து 1714 வரை ஆண்ட அந்த அம்மாவுக்கும் இதுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது, பேர் ஒட்டிக்கிச்சு. அந்தப் பாணியோட ஆரம்பங்கள்ல ஒண்ணு இந்தக் காவல் வீடு. எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல. பெரிய ப்ராஜெக்ட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி சின்ன மாட்யூல்ல பரிசோதனை பண்ணிப் பாக்கிறது பொட்டி தட்டுற நமக்குத் தெரியாததா?

கியூ அரசுத் தோட்டம். பிரபுக்களோட எஸ்டேட் லாட்ஜுங்க கதை இன்னும் சுவாரசியம். அதுக்கு முந்தின நூற்றாண்டுல கேட்டுக்கு ரெண்டு பக்கமும் உப்பு டப்பா, மிளகு டப்பா மாதிரி ஜோடி ஜோடியா கட்டுவாங்க. சமச்சீரா, பாக்க அம்சமா இருக்கும். ஆனா குடும்பம் ஒண்ணு! இந்தப் பக்கம் சமைச்சுச் சாப்பிட்டுட்டு, வண்டிப்பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்த் தூங்கணும். மழைன்னா நனைஞ்சுக்கிட்டே. விக்டோரியா காலத்துல பெரும்பாலும் ஒத்தை வீடா மாறிச்சு. மரச்சரிகை வச்ச கூரை விளிம்பு, அலங்காரப் புகைபோக்கி, ரோட்டோட ரெண்டு திசையும் தெரியுற மாதிரி வெளியே துருத்தின ஜன்னல். அந்த ஜன்னலைப் பாத்து நாம அழகுன்னு சொல்றோம். வேலை என்னன்னா, வண்டி வர்றதை முன்னாடியே பாத்து, நிக்க வைக்காம கேட்டைத் திறக்கணும். அர்த்த ராத்திரின்னாலும் எந்திரிக்கணும்.

பல இடத்துல கேட்டைத் திறந்தது பொம்பளைங்கதான். புருஷன் தோட்டத்துலயோ லாயத்துலயோ வேலை பாப்பார், பொண்டாட்டி கேட்டைப் பாத்துக்கணும். வேலை போனா வீடும் போச்சு. 1833-ல தடிமனான கட்டடக்கலைப் புத்தகம் போட்ட லௌடன், வேலைக்காரங்க வீடும் வசதியா இருக்கணும்னு வாதாடினவர். எல்லாரும் அவரைக் கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும். நிறைய லாட்ஜ்ல முகப்புக்குச் செலவழிச்ச அக்கறையில பாதிகூட உள்ளே தெரியாது. வந்தவன் கண்ணுல முதல்ல படறது முதலாளியோட அந்தஸ்து, அவ்வளவுதான். லாகின் பக்கத்தை மட்டும் பளபளன்னு பண்ணி வச்ச சாப்ட்வேர் மாதிரி.

சரி, எனக்கு ஏன் இது இவ்வளவு உறுத்துதுன்னு சொல்லணும்ல. எங்க தாத்தா ரயில்வே கேட் கீப்பர். மானாமதுரை பக்கம், மீட்டர் கேஜ் காலம். லெவல் கிராசிங்ல இருக்கிற அந்தச் சின்னக் கட்டடத்துக்கு ரயில்வே காகிதத்துல இன்னிக்கும் 'கேட் லாட்ஜ்'னுதான் பேரு. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன வார்த்தை. ஒரு ரூம், முன்னாடி ஒரு தாழ்வாரம். அப்பா அதுலதான் வளர்ந்தார்.

லாட்ஜ் போட்டோவை வாட்ஸப்ல அனுப்பினேன். ராத்திரி போன்ல பேசினப்போ, "எவ்வளவு அழகா கட்டியிருக்கான் பாத்தீங்களாப்பா?"ன்னேன்.

"கேட்டு மூடுனா பஸ்ஸு நிக்கும்டா," ன்னார் சம்பந்தமே இல்லாம. "அம்பது பேரு உள்ள எட்டிப் பாப்பாங்க. உங்க அப்பத்தா சோறு போட்டா, என்ன கொழம்புன்னு பஸ்ஸுக்கே தெரியும். தண்ணி கேட்டா குடுக்கணும், இல்லேன்னு சொல்ல முடியாது."

தாத்தா 1991-ல ரிட்டயர் ஆனதும் அந்த இடத்தைக் காலி பண்ணிட்டு மானாமதுரையில வாடகைக்குப் போனாங்க. அப்பத்தா அங்க முதல்ல செஞ்ச காரியம், தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பா போட்டதுதானாம். நாள் முழுக்கத் திறக்கவே இல்லையாம். பின்னால கேட்டை எடுத்துட்டு சப்வே போட்டாங்க. கட்டடம் இப்ப இல்ல.

இங்கிலாந்துல நேர் எதிர். 1894-ல எஸ்டேட் வரி வந்து, அப்புறம் ரெண்டு போரும் முடிஞ்சு, நூத்துக்கணக்கான மாளிகைகளை இடிச்சுத் தள்ளிட்டாங்க. 1974-ல லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல அந்த அழிவுக்குன்னே ஒரு கண்காட்சி வச்சாங்க. ஆனா மாளிகை போன பல இடத்துல லாட்ஜ் மட்டும் நிக்குது. சிறுசு, பராமரிக்கச் செலவு கம்மி, ரோட்டோரம். இப்ப அதுல சிலது விடுமுறை வாடகை வீடு. நானும் ஒண்ணுக்கு வாடகை பாத்தேன், ரெண்டு ராத்திரிக்கு. நம்ம பட்ஜெட்டுக்கு ஆகாது, விடுங்க.

அப்பா கடைசியா ஒண்ணு கேட்டார். "அந்தப் புகைக்கூண்டு நடுவுலல்ல இருக்கு, அப்போ எல்லா ரூமுக்கும் சூடு வருமாடா?"

வரும்னுதான் நினைக்கிறேன்ப்பான்னேன். "அப்ப நல்லாத்தான் கட்டியிருக்கான்," ன்னார்.